டிபிஎஃப்பை வெட்டி எடுக்கும் முன், அது ஏன் அடைத்தது என்று பாருங்கள்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய டீசல் கார் வைத்திருப்பவர்கள் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். மீட்டரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரியும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இரண்டு வாரம் ஓட்டுவார்கள். பிறகு எஞ்சின் விளக்கும் சேர்ந்துகொள்ளும். பிக்கப் இருக்காது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஒரு அளவுக்கு மேல் ஏறாது. சர்வீஸ் சென்டரில் 'டிபிஎஃப் மாத்தணும்' என்று லட்சத்தை ஒட்டி ஒரு தொகை சொல்வார்கள். டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டிதான் இந்த டிபிஎஃப். அன்று சாயங்காலமே தெரிந்தவர் ஒருவர், 'அதெல்லாம் எதுக்குங்க அண்ணா, உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு சாப்ட்வேர்ல ஆஃப் பண்ணிடலாம். லைட்டும் வராது, மைலேஜும் கூடும்' என்பார்.

பணம் குறைவு, வேலை ஒரே நாளில் முடிகிறது, விளக்கும் அணைகிறது. ஆசை வருவது இயல்புதான். ஆனால் டிபிஎஃப் தானாக அடைத்துக்கொள்கிற பாகம் அல்ல. எஞ்சினில் வேறெங்கோ ஒரு கோளாறு இருக்கும், அல்லது வண்டி ஓடும் விதம் அதற்கு ஒத்துவராமல் இருக்கும். அதன் கணக்கு வந்து சேரும் இடம்தான் டிபிஎஃப். வெட்டி எடுத்தால் அடைப்பு போகும், அடைப்பை உண்டாக்கிய கோளாறு உள்ளேயே இருக்கும்.

சைலன்சர் குழாயில் என்னதான் இருக்கிறது

டர்போவை விட்டு வெளியே வரும் புகை முதலில் ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் வழியாகப் போகிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் பூசிய தேன்கூட்டுக் கட்டி அது. கார்பன் மோனாக்சைடையும் எரியாத டீசல் ஆவியையும் அங்கே எரித்துவிடும். அடுத்தது டிபிஎஃப். இதுவும் தேன்கூடுதான், ஆனால் ஒன்றுவிட்டு ஒரு துளை முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை ஒரு துளையில் நுழைந்து, நுண்துளைச் சுவரைக் கடந்து, பக்கத்துத் துளை வழியாகத்தான் வெளியேற முடியும். கரித்தூள் சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள டிபிஎஃப் 95 சதவீதத்துக்கு மேல் கரியைப் பிடித்துவிடும். பல கார்களில் கேட்டலிஸ்டும் டிபிஎஃப்பும் ஒரே தகர உறைக்குள் எஞ்சினை ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் 'டிபிஎஃப் மட்டும் எடுக்கிறோம்' என்றால் பெரும்பாலும் கேட்டலிஸ்டும் சேர்ந்தே போகிறது என்று பொருள்.

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வேறு ஏற்பாடுகள் உண்டு. இ.ஜி.ஆர். வால்வு, எரிந்த வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப உள்ளே அனுப்பி, எரியும் வெப்பத்தைக் குறைக்கிறது. அதற்குப் பிறகும் மிஞ்சுவதைக் கவனிக்கச் சில கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைப் பிடித்துவைக்கும் எல்.என்.டி. என்ற பொறியும், சிலவற்றில் யூரியா கரைசல் தெளிக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பும் இருக்கும்.

இத்தனையும் எதற்கு என்பதற்கு இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். பழைய பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு விதி) டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை துகளும் 250 மில்லிகிராம் வரை நைட்ரஜன் ஆக்சைடும் விடலாம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிப்படி அது 4.5 மில்லிகிராம், 80 மில்லிகிராம். டீசலில் இருந்த கந்தகத்தையும் 50 பி.பி.எம்.மிலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றுதான் மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் காரையே நிறுத்தியது. அதாவது, நீங்கள் வண்டிக்குக் கொடுத்த விலையில் கணிசமான ஒரு பங்கு இந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது.

கரி எப்படி எரிகிறது, எங்கே தடைபடுகிறது

பிடித்த கரியை டிபிஎஃப் தானே எரித்துத் தீர்க்க வேண்டும். ஹைவேயில் சீராக ஓடும்போது குழாயின் சூடு 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். அந்தச் சூட்டிலேயே கேட்டலிஸ்ட் உண்டாக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெதுவாக எரித்துக்கொண்டு வரும். ஓட்டுபவருக்கே தெரியாது. அது போதாதபோது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. தானே வேலையில் இறங்கும். வழக்கமான இன்ஜெக்ஷன் முடிந்த பிறகு கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளித்து, அதைக் கேட்டலிஸ்டில் எரியவிட்டு, டிபிஎஃப்பை 600 டிகிரிக்கு ஏற்றும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறோம். முடிய 10 முதல் 20 நிமிடம் ஆகும்.

சேலத்தில் அஸ்தம்பட்டியில் புறப்பட்டுப் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, ஐந்து ரோடு சிக்னலில் நின்று, செவ்வாப்பேட்டையில் கடை திறக்கிற காருக்கு அந்த 20 நிமிடம் எங்கே கிடைக்கும்? எஞ்சின் சூடேறும்போது வண்டி நின்றுவிடுகிறது. ரீஜெனரேஷன் தொடங்குகிறது, பாதியில் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு முறையும் தாமதமாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

டிப்ஸ்டிக்கைப் பிடுங்கிப் பாருங்கள். ஆயில் குறைந்திருக்க வேண்டிய நேரத்தில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும். மூக்கருகே வைத்தால் டீசல் வாடை வரும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால், நடுவில் கருப்பும் சுற்றிலும் எண்ணெய் வளையமும் அகலமாகப் பரவும். அந்த ஆயிலுக்கு வழவழப்பு இல்லை. முதலில் அடி வாங்குவது டர்போ பேரிங். அளவு இன்னும் ஏறினால் அந்த ஆயிலை பிரீதர் வழியாக எஞ்சினே உறிஞ்சிக் கட்டுப்பாடில்லாமல் ஓடத் தொடங்கும் ஆபத்தும் உண்டு. ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டினால் சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காதீர்கள், உடனே மாற்றுங்கள்.

ரீஜெனரேஷன் நடக்கிறது என்பதை வண்டியே காட்டிக்கொடுக்கும். நின்றிருக்கும்போது 800ஆக இருக்கும் ஆர்.பி.எம். 1000ஐ ஒட்டி ஏறும். ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றும். உடனடி மைலேஜ் திடீரென இறங்கும். தானாக எஞ்சினை அணைக்கும் வசதி அந்த நேரத்தில் வேலை செய்யாது. கீழிருந்து சூடான உலோக வாடை வரும். அப்போது இன்னும் பத்து நிமிடம் ஓட்ட முடிந்தால் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

அடைப்புக்கு டிபிஎஃப் காரணமில்லாத இடங்கள்

ஊருக்குள் ஓடுவது மட்டுமே காரணம் என்றால் நல்ல ஹைவே ஓட்டம் ஒன்றில் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் கரி அளவுக்கு மீறி வருகிறது, அல்லது எரியவிடாமல் ஏதோ தடுக்கிறது. தேட வேண்டியது இங்கேதான். 'டிபிஎஃப் மாத்துங்க' என்பவரும் 'டிபிஎஃப் எடுங்க' என்பவரும் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடமும் இதுதான்.

முதலில் தெர்மோஸ்டாட். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் கூலன்ட் சூடு எண்பதைத் தொடாமல் அறுபது, எழுபதிலேயே நிற்கும். எஞ்சின் சூடாகவில்லை என்று நினைத்து இ.சி.யு. ரீஜெனரேஷனைத் தொடங்கவே தொடங்காது. டிரைவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஏ.சி. நன்றாகத்தான் குளிரும், வண்டி நன்றாகத்தான் ஓடும். இ.சி.யு.வோடு இணைத்துப் பார்க்கும் ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். குளோ பிளக் பழுதானாலும் பல எஞ்சின்களில் இதே கதைதான்.

அடுத்து, பிரஷர் வித்தியாசம் பார்க்கும் சென்சாரும் அதற்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களும். டிபிஎஃப்புக்கு முன்னால் ஒரு குழாய், பின்னால் ஒரு குழாய். சூட்டில் வெந்து வெந்து ரப்பர் கெட்டியாகி, வாயருகே மயிரிழை வெடிப்பு விடும். முன்பக்கக் குழாய் கசிந்தால் கரி நிறைந்திருந்தும் 'காலி' என்று சென்சார் சொல்லும். பின்பக்கக் குழாய் அடைத்தால் காலியாக இருந்தும் 'நிறைந்துவிட்டது' என்று சொல்லும். ஸ்கேனரில் பி2452 முதல் பி2455 வரையிலான பழுதுக் குறியீடுகள் (கோடுகள்) வந்தால் டிபிஎஃப்பைத் தொடுவதற்கு முன் இந்தக் குழாய்களைக் கழற்றி, வளைத்துப் பார்த்து, ஊதிப் பாருங்கள். சில நூறு ரூபாய்க் குழாய்க்காக லட்ச ரூபாய்ப் பாகத்தை வெட்டிப் போடுவது நடக்கிறது. சென்சாரை மாற்றினால் ஸ்கேனரில் பூஜ்ய அளவைப் பதிய வேண்டும். அதை விட்டுவிட்டால் புதுச் சென்சாரும் தப்பாகவே சொல்லும்.

இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருந்தால் டர்போ தள்ளும் காற்று வழியிலேயே போய்விடும். காற்றுப் பற்றாக்குறையில் எரியும் டீசல் கரியாகிறது. மிதிக்கும்போது 'உஸ்' சத்தம், ஹோஸ் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கு, இரண்டும் இதற்கு அடையாளம். இன்ஜெக்டர் சொட்டினாலும், டர்போ சீல் தேய்ந்து ஆயில் கசிந்தாலும், இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதேதான். இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவைக் குப்பி மாட்டிப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு திருப்பினால் நோயாளி அதுதான்.

கடைசியாக ஆயில். லாரித் தொழில் பெரிதாக உள்ள வட்டாரம் இது. சங்ககிரி, நாமக்கல் பக்கம் எந்தப் பட்டறையிலும் 15டபிள்யூ-40 லாரி ஆயில் பீப்பாயில் நிற்கும். 'டீசல் எஞ்சின்தானே' என்று அதையே காருக்கும் ஊற்றிவிடுகிறார்கள். ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் எல்லாம் எரிந்தால் சாம்பலாகும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. டிபிஎஃப் உள்ள பெரும்பாலான கார்களுக்கு ஏ.சி.இ.ஏ. சி2 அல்லது சி3 வகை ஆயில் சொல்லப்பட்டிருக்கும். சி3யில் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வகை லாரி ஆயிலில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டும். சரியான ஆயில் ஊற்றினால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டித்தான் சாம்பல் பேச்சே வரும். தப்பான ஆயில் அந்த நாளை முன்னே இழுத்து வந்துவிடும். கையேட்டில் உள்ள எண்ணையும் டப்பாவில் உள்ள எண்ணையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிபிஎஃப்பை 'டெலீட்' செய்தால் வண்டிக்கு என்ன ஆகிறது

வேலை இரண்டு பாகமாக நடக்கும். உறையைக் கழற்றி, பக்கவாட்டில் வெட்டி, உள்ளிருக்கும் கட்டியைக் கம்பியால் குத்தி உடைத்து எடுத்துவிட்டு மூடி வெல்டிங் வைப்பார்கள். சிலர் அதற்குப் பதில் வெறும் குழாய் போடுவார்கள். பிறகு இ.சி.யு.வில் உள்ள சாப்ட்வேர் கோப்பை எடுத்து, டிபிஎஃப் தொடர்பான கணக்குகளையும் பழுதுக் கோடுகளையும் அணைத்துத் திரும்ப ஏற்றுவார்கள். இதுதான் ரீமேப்.

உடைக்கும்போது பறப்பது சிலிக்கான் கார்பைடு அல்லது கார்டியரைட் தூளும், அதில் ஏறியிருக்கும் கரியும் கன உலோகமும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு குத்துகிற பையன்களைப் பார்த்தால் வயிறு பதறுகிறது. அந்தத் தூளுக்குக் கைக்குட்டை தடையே அல்ல. பிளாட்டினம் இருப்பதால் உடைந்த கட்டிக்குப் பழைய இரும்புச் சந்தையில் நல்ல விலை உண்டு. அது பெரும்பாலும் வண்டிக்காரர் கைக்கு வருவதில்லை.

பிக்கப் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் அடைத்த டிபிஎஃப்போடு ஒப்பிட்டால் எதுவும் பிக்கப்பாகத்தான் தெரியும். அதற்கு மேல் கிடைப்பது ரீமேப்பில் கூட்டிய டீசலும் பூஸ்ட்டும் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) கொடுப்பது. அந்தக் கூடுதல் டார்க் கிளட்சிலும் டூயல் மாஸ் ஃப்ளைவீலிலும் போய் உட்காரும். குழாயில் எதிர் அழுத்தம் குறைந்ததும் டர்போ முன்பைவிட வேகமாகச் சுற்றப் பார்க்கும். கம்பெனி போட்ட கணக்கு, டிபிஎஃப் இருக்கிறது என்று வைத்துப் போட்டது. ஏற்காடு உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைவு. அங்கே பூஸ்ட் அளவை எட்ட டர்போ இன்னும் கூடுதலாகச் சுற்ற வேண்டும். சமவெளியில் தாங்கிய டர்போ மலையில் தாங்கும் என்று சொல்ல முடியாது.

மைலேஜ் பற்றியும் நேராகச் சொல்லிவிடலாம். ரீஜெனரேஷனுக்குச் செலவாகும் டீசல் மிச்சமாகும், அது மெய். ஆனால் தினமும் ரீஜெனரேஷன் நடக்கிற வண்டியில்தான் அது கண்ணுக்குத் தெரியும். அப்படி நடப்பதே கோளாறின் அடையாளம். கோளாறைத் தீர்த்தால் அந்த டீசலும் தானாகவே மிச்சமாகும்.

லோ பிரஷர் இ.ஜி.ஆர். உள்ள எஞ்சின்களில் கதை இன்னும் மோசம். இவை டிபிஎஃப்பைத் தாண்டிய, கரியில்லாத வாயுவை எடுத்து டர்போவின் காற்று வாய்க்கு அனுப்புகின்றன. டிபிஎஃப்பை உடைத்துவிட்டு இந்த வழியை அப்படியே விட்டால் கரி நேராக கம்ப்ரஸர் சக்கரத்திலும் இன்டர்கூலரிலும் படியும். எஸ்.சி.ஆர். உள்ள வண்டியில் யூரியா தெளிக்கும் மூக்கும் அடுத்த கேட்டலிஸ்டும் கரி பூசிக்கொள்ளும். ஒன்றை ஆஃப் செய்யப் போய் மூன்றை ஆஃப் செய்ய வேண்டிவரும்.

இ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைப்பதை மட்டும் ஏதோ சின்ன விஷயம்போலப் பேசுகிறார்கள். அடைத்தால் இன்டேக்கில் கரி படிவது குறையும், மறுக்கவில்லை. ஆனால் எரியும் வெப்பம் ஏறி நைட்ரஜன் ஆக்சைடு பல மடங்கு கூடும். எல்.என்.டி., எஸ்.சி.ஆர். இரண்டுக்கும் சுமை ஏறும். இ.ஜி.ஆர். பழுதைச் சொல்லும் பி0401 கோடு அணைந்த இடத்தில் எஸ்.சி.ஆர். பழுதைச் சொல்லும் பி20இஇ வந்து நிற்கும். வால்வையும் கூலரையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றிக் கழுவிச் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலைதான். கூலன்ட் காரணமில்லாமல் குறைந்து, காலையில் வெள்ளைப் புகை வந்தால் இ.ஜி.ஆர். கூலர் உள்ளே கசிகிறது. அதைத் தகடு போட்டு மறைக்கக் கூடாது, கூலரை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டால் புதுச் சாப்ட்வேர் ஏற்றிவிட வாய்ப்புண்டு. ஏற்றியதும் பழைய கணக்குகள் உயிர்பெறும். இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இருப்பதைப் பார்த்து டிபிஎஃப் வேலை செய்யவில்லை என்ற பி2002 கோடு போட்டு, வண்டி சக்தியைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும். வாரண்டி அந்த இடத்தில் முடிந்தது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த நிலையிலிருந்து அனுமதியில்லாமல் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4)இன்படி, மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு அளவை மீறி ஓட்டினால் 190(2)இன்படி முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் உண்டு. தண்டனை வண்டியின் சொந்தக்காரரைத் தேடி வருகிறது. 'பட்டறைக்காரர்தான் செய்தார்' என்பது பதிலாகாது.

'புகைச் சான்று கிடைக்குதே' என்பார்கள். கிடைக்கலாம். அங்கே டீசலுக்குச் செய்வது, வண்டியை நிறுத்தி ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பது மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்துகளை அது எண்ணுவதில்லை, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. பெல்ஜியம் 2022 ஜூலையிலும், நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், ஜெர்மனி 2023 ஜூலையிலும் துகள்களை எண்ணும் கருவியைப் பரிசோதனையில் கொண்டுவந்துவிட்டன. வெறும் உறையை மாட்டி வைத்திருக்கும் கார் அந்தக் கருவிக்கு முன்னால் சில விநாடியில் மாட்டிக்கொள்ளும். இங்கேயும் அது வர வேண்டும்.

மலைப்பாதையில்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கார் முதல், இரண்டாம் கியருக்கு இறங்கி, நின்ற நிலையிலிருந்து மிதித்து ஏறுகிறது. டீசல் எஞ்சின் கரியை அதிகம் துப்புவது சரியாக அந்த நொடியில்தான். பின்னால் பைக்கில் குடும்பத்தோடு வருபவரின் முகம் அந்தக் குழாய்க்கு நாலடி தள்ளி இருக்கும். மே மாதக் கோடை விழா நாளில் வளைவுக்கு வளைவு வண்டிகள் முட்டி நிற்கும்போது, டிபிஎஃப் இல்லாத ஒரே ஒரு கார் முன்னால் இருந்தால் போதும், பின்னால் இருக்கும் ஐம்பது பேரும் அதைச் சுவாசிப்பார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே வகுப்பு. கீழே சேலம் நகரமும் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை சூழ்ந்த ஊர். குளிர்கால விடியலில் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்குவதை நடைப்பயிற்சி போகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

டிபிஎஃப் உள்ள வண்டிக்காரர்களும் மலையில் கவனிக்க வேண்டியது உண்டு. மஞ்சள் விளக்கு எரியும் நிலையில் மலை ஏறாதீர்கள். ஏற்றத்தில் குழாய் நன்றாகச் சூடாகிக் கரி எரியத் தொடங்கும். மேலே போய் சட்டென்று நின்றாலோ, இறக்கத்தில் காலை எடுத்தாலோ சூட்டை வெளியே அள்ளிச்செல்லும் வாயுவின் ஓட்டம் குறைந்துவிடும், ஆக்ஸிஜனோ கூடிவிடும். கரி அதிகமாக இருந்தால் உள்ளே வெப்பம் கட்டுமீறி ஏறி, கட்டியே விரிசல் விடும். முதலில் சமவெளியில் கரியை எரித்துத் தீர்த்துவிட்டு ஏறுங்கள். கோடையில் சாலையோரக் காய்ந்த புல்லிலும் சருகிலும் காரை நிறுத்தவும் கூடாது. ரீஜெனரேஷன் முடிந்த குழாயின் சூட்டுக்குச் சருகு பற்றிக்கொள்ளும். சேர்வராயன் காடு பங்குனி, சித்திரையில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

யூரியா கரைசல்

வண்டியில் நீல மூடியிட்ட தொட்டி இருந்தால் அதற்குள் போக வேண்டியது 32.5 சதவீத யூரியா, மீதி கனிமம் நீக்கிய தண்ணீர், ஐ.எஸ்.ஓ. 22241 முத்திரையோடு. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கும் உர யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டு உர யூரியா வேப்பெண்ணெய் பூசியது. அந்த எண்ணெயும் உரத்தில் உள்ள மற்ற அசுத்தங்களும் தெளிக்கும் மூக்கை அடைத்து கேட்டலிஸ்டைக் கெடுத்துவிடும். மானிய உரத்தை இப்படித் திருப்பிவிடுவது தனிக் குற்றம். லாரிகளில் மாட்டும் 'எமுலேட்டர்' பெட்டி, கரைசல் தெளிக்கப்படுவதாக இ.சி.யு.வை ஏமாற்றுகிறது. அதுவும் டெலீட்டின் இன்னொரு பெயர்தான்.

விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது

டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிகிறதா? டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். குறைவாக இருந்தால் பல வண்டிகள் ரீஜெனரேஷனைத் தொடங்காது. ஆயில் மட்டம் பாருங்கள். கொண்டலாம்பட்டியிலிருந்து சங்ககிரி பக்கமோ, ஓமலூர் தாண்டித் தொப்பூர் பக்கமோ ஹைவேயில் ஏறி, ஒரு கியர் குறைத்து, 2,000 முதல் 2,500 ஆர்.பி.எம்.மில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். தொப்பூர் கணவாய் தொடங்கும் முன்பே திரும்பிவிடுங்கள். கணவாய் ஏறிப்போனால் திரும்பி வரும் இறக்கத்தில் எஞ்சின் டீசலை நிறுத்திவிடும், குழாய் ஆறிவிடும்.

எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, மஞ்சள் விளக்கு மின்னினாலோ ஹைவேக்குப் போக வேண்டாம், பட்டறைக்குப் போங்கள். அங்கே முதல் கேள்வி 'கரி எத்தனை கிராம்?' என்பதாக இருக்கட்டும். கம்பெனிக்குக் கம்பெனி எல்லை மாறும். சில ஐரோப்பிய எஞ்சின்களில் 24 கிராமை ஒட்டி விளக்கு எரியும், 40ஐத் தாண்டினால் ஸ்கேனர் வழியாக வலுக்கட்டாய ரீஜெனரேஷன் செய்வதே ஆபத்து. அந்த நிலையில் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஸ்கேனரில் பி2463 கோடு என்றால் கரி, பி242எஃப் என்றால் சாம்பல். சாம்பலுக்கு எத்தனை முறை எரித்தும் பயனில்லை. கழற்றி, எதிர்ப்பக்கமிருந்து தண்ணீரோ காற்றோ செலுத்தி வெளியேற்றும் கருவியில் சுத்தம் செய்தால் நல்ல கட்டி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். செலவு புதியதில் ஒரு சிறு பங்குதான். டேங்கில் ஊற்றும் திரவங்களை நம்பிக் காலம் தள்ளாதீர்கள், சாம்பலை அவை தொடுவதே இல்லை. சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் பிரஷர் எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதனால் அடைத்தது என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

பழைய கார் வாங்குபவர்கள்

சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். டிபிஎஃப் உள்ள காரில் ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் விரலில் சாம்பல் நிறத் தூசுக்கு மேல் ஒட்டாது. மையாகக் கருப்பு ஒட்டினால் உள்ளே கட்டி இல்லை, அல்லது விரிசல் விட்டிருக்கிறது. வண்டியைத் தூக்கி உறையைப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக இருக்கும், நடுவே கையால் வைத்த வெல்டிங் தனியாகத் தெரியும். ஸ்கேனரில் அழுத்த வித்தியாசம் ஐடிலில் சிறிதாகவும், 3,000 ஆர்.பி.எம்.மில் கூடியும் தெரிய வேண்டும். எவ்வளவு மிதித்தாலும் எண் அசையவில்லை என்றால் காரணம் கேளுங்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் திரும்பப் போட முடியும். புது டிபிஎஃப், இரண்டு அழுத்தக் குழாய்கள், கழற்றிய சூட்டுச் சென்சார்கள் வேண்டும். தகடோ எமுலேட்டரோ இருந்தால் எடுத்துவிட வேண்டும். இ.சி.யு.வில் கம்பெனிக் கோப்பை ஏற்றி, 'புது டிபிஎஃப்' என்று பதிந்து, சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு ஹைவேயில் ஓட்டி, கரி கிராம் ஏறி இறங்குகிறதா என்று ஸ்கேனரில் பார்க்க வேண்டும். பாகம் வாங்கப் போவதற்கு முன், டெலீட் செய்த பட்டறையில் உங்கள் வண்டியின் ஒரிஜினல் கோப்பு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்றால் சாசி எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லி, இ.சி.யு.வைப் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.